சொடக்குக்கு முன்னால்: கைரோபிராக்டரிடம் முதல்முறை போகிறவர்களுக்கு

முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி, தள்ளிச் சொடக்கு எடுத்து வலிக்குச் சிகிச்சை செய்கிறவர்தான் கைரோபிராக்டர். அவரிடம் முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "வலிக்குமா?" என்றுதான். பதில் சுருக்கமானது: சரியான ஆள், சரியான உடம்பில் செய்தால் பெரிதாக வலிக்காது. நம்முடையது அதற்குச் சரியான உடம்புதானா என்பதைத்தான் முதல் நாளில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தேவையான விவரங்களில் பாதிக்கு மேல் நம் வீட்டிலேயே கிடக்கின்றன: பீரோவில் இருக்கும் பழைய ஸ்கேன் கவரில், ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் மாத்திரை டப்பாவில், எப்போதோ பைக்கிலிருந்து விழுந்து மறந்துபோன ஒரு அடியில். அவற்றைத் திரட்டிக்கொண்டு போவது எப்படி என்பதைச் சேலத்துக்காரர்களையும், ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், கைரோபிராக்டரிடம் போகவே கூடாதவர்கள். முதுகுவலியோடு சிறுநீர் வராமல் அடைக்கிறது, அல்லது தெரியாமலே போகிறது, மலம் கட்டுப்படவில்லை, சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம் மரத்துப் போயிருக்கிறது, பாதம் தூக்க வராமல் செருப்பு நழுவுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அது முதுகுத்தண்டின் அடிநரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே, நடுராத்திரியானாலும், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்குப் போக வேண்டும். ஒரு நாள் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பில் முடியலாம். மேலே ஏற்காட்டில் இருப்பவர்கள் 108க்குக் கூப்பிட யோசிக்கவே வேண்டாம்.

இரண்டாவது வகை, மெதுவாக வருவது. சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி படுத்தாலும் விடாத வலி, முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்து குணமான வரலாறு. நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது. ஆரம்பத்தில் அது சாதாரண முதுகுப் பிடிப்பு மாதிரியே இருக்கும். கிருமி அரித்த எலும்பை அழுத்தினால் அது நொறுங்கி நரம்பில் இடிக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும், பிறகுதான் மற்றதெல்லாம். சமீபத்தில் விழுந்தவர்கள், விபத்தில் சிக்கியவர்களுக்கும் இதே விதிதான்.

இதெல்லாம் இல்லாத சாதாரண இடுப்புவலி, முதுகுப் பிடிப்பு, உட்கார்ந்தே வேலை செய்வதால் வரும் கழுத்து இறுக்கம் என்றால் கைரோபிராக்டிக் ஒரு வழி. ஒரே வழி என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பாமர் என்பவர் தொடங்கிய முறை இது. ஏறக்குறைய எல்லா நோய்க்கும் முதுகெலும்பு விலகுவதே மூலம் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. முதுகுவலிக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. 2017இல் வெளியான அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதலும், 2023இல் நாள்பட்ட முதுகுவலிக்கு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டதும் முதுகெலும்புக் கைசிகிச்சையை ஒரு தேர்வாகச் சேர்த்திருக்கின்றன. கிடைக்கும் பலன் நடுத்தரமானது, நல்ல உடற்பயிற்சி தருவதற்கு ஏறக்குறைய சமமானது. சர்க்கரை குறையும், ஆஸ்துமா போகும், பி.பி. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று விளம்பரம் செய்கிற இடமாக இருந்தால் அங்கே போகவே வேண்டாம். கைக்குழந்தைகளை எந்தக் கைரோபிராக்டரிடமும் கொண்டுபோக வேண்டாம்.

யாரிடம் போகிறோம் என்பதைப் போனிலேயே விசாரித்துவிடலாம். இந்தியாவில் கைரோபிராக்டருக்கென்று தனிச் சட்டப்படியான கவுன்சில் இல்லை. அதனால் போர்டில் 'கைரோ' என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உள்ளே இருப்பவர் வெளிநாட்டில் டி.சி. (டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக்) பட்டம் வாங்கியவராக இருக்கலாம். பி.பி.டி., எம்.பி.டி. முடித்து, கைசிகிச்சையில் தனிப் பயிற்சி எடுத்த பிசியோதெரபிஸ்டாக இருக்கலாம். சில நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவராகவும் இருக்கலாம். நல்ல பிசியோதெரபிஸ்ட் செய்கிற கைசிகிச்சையும் பெயரளவில்தான் வேறு. ஆகவே, "சார், ட்ரீட்மென்ட் பண்றது நீங்களேதானா? என்ன படிச்சிருக்கீங்க? முதல் நாளே சொடக்கு எடுப்பீங்களா, பரிசோதனை பண்ணிட்டுதானா?" என்று நேரடியாகக் கேளுங்கள். நல்லவர் இதற்குக் கோபப்பட மாட்டார். கன்சல்டேஷன் எவ்வளவு, ஒரு சிட்டிங் எவ்வளவு என்பதைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்குப் பெண் உதவியாளர் உடன் இருப்பாரா என்பதையும் போனிலேயே கேட்டுவிட வேண்டும், அங்கே போய்க் கூச்சப்பட வேண்டியதில்லை. போனதும் கிளினிக்கின் பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு அவசியம்.

இனி எடுத்துப் போக வேண்டியவை. எல்லாவற்றிலும் முக்கியமானது மாத்திரை. பெயர் எழுதிக்கொண்டு போவதைவிட அட்டையையே பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது. "வெள்ளையா சின்னதா ஒரு மாத்திரை, இதயத்துக்கு" என்று சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த வெள்ளை மாத்திரை அசிட்ரோமாகவோ வார்ஃபரினாகவோ இருந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து அது. வேகமான அழுத்தத்தால் உள்ளே ரத்தம் கசிந்து தேங்கலாம். குளோபிடோக்ரல், ஈகோஸ்பிரின் சாப்பிடுகிறவர்களும் சொல்லியாக வேண்டும். கைரோவுக்குப் போகிறோம் என்பதற்காக இந்த மாத்திரைகளை நாமாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் நிறுத்தினால் முதுகுவலியைவிட ஆயிரம் மடங்கு பெரிய ஆபத்து வரும். மாத்திரையை நிறுத்த வேண்டாம், முறையை மாற்றிக்கொள்ளலாம்: சொடக்கு எடுக்காமல் மெதுவாக அசைத்துத் தரும் கைசிகிச்சை இருக்கிறது.

அடுத்தது ஸ்டீராய்டு. ஆஸ்துமாவுக்கோ, தோல் வியாதிக்கோ, மூட்டுவாதத்துக்கோ வைசோலோன் போன்ற மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களின் எலும்பு உள்ளுக்குள் மெலிந்திருக்கும். மூட்டுவலிக்கு என்று பெயர், லேபிள் எதுவும் இல்லாத பொட்டலத்தில் பொடியோ மாத்திரையோ வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பிட்ட ரெண்டு நாளில் வலி பறந்து, முகம் உப்பி, பசி கூடியிருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். மாதவிடாய் நின்று பல வருடம் ஆன பெண்கள், லேசாகத் தடுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தவர்கள், வர வர உயரம் குறைந்து கூன் விழுகிறவர்கள், இவர்களெல்லாம் முதலில் டெக்சா ஸ்கேன் எடுத்து எலும்பு அடர்த்தியைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. மெலிந்த எலும்பில் தள்ளினால் விலாவோ முதுகெலும்போ நொறுங்கும். பிறகு எந்தச் சொடக்காலும் அதைச் சரிசெய்ய முடியாது.

மூட்டுவாதம் (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ளவர்களுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளைப் பிடித்திருக்கும் தசைநார் தளர்ந்திருக்கக்கூடும். வெளியே ஒன்றும் தெரியாது. அவர்கள் கழுத்தைத் தொடவே விடக் கூடாது. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் முதுகு விறைத்து, நடக்க நடக்கச் சரியாகிற இளைஞர்கள் ஒரு முறை வாதநோய் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரட்டும். முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் வியாதியின் ஆரம்பமாக அது இருக்கலாம். முதுகில் பிளேட், ஸ்க்ரூ வைத்தவர்கள் ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போக வேண்டும். கர்ப்பிணிகள் எத்தனையாவது மாதம் என்பதை அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள், பாதம் ஏற்கெனவே மரத்திருக்கிறதா என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சர்க்கரையால் வந்த மரப்பை டிஸ்க்கால் (முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டால்) வந்தது என்று தவறாகக் கணக்குப் போடுவார்கள்.

ஸ்கேன், எக்ஸ்ரே இருந்தால் ஃபிலிம், ரிப்போர்ட், சி.டி. மூன்றையும் எடுத்துப் போங்கள். தேதிவாரியாகப் பழையது அடியில், புதியது மேலே. ஸ்கேன் இல்லையென்றால் இதற்காகப் புதிதாக எடுக்க ஓட வேண்டாம். ஆபத்து அறிகுறி இல்லாத முதுகுவலிக்கு முதல் சில வாரங்களில் எம்.ஆர்.ஐ. எடுப்பதால் வைத்தியம் மாறுவதில்லை. ரிப்போர்ட்டில் 'எல்4 எல்5 டிஸ்க் பல்ஜ்', அதாவது இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று பார்த்ததும் பலர் ஒடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறார்கள். 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள்; பாதிப் பேருக்கு மேல் ஒரு இடத்திலாவது டிஸ்க் பிதுங்கித்தான் இருந்தது. முடி நரைப்பதுபோல் வயதோடு வருவது அது. ரிப்போர்ட்டில் உள்ள இடமும், உங்கள் காலில் வலி இறங்கும் பாதையும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பவரே சரியான ஆள். ரிப்போர்ட்டை மட்டும் படித்துவிட்டுப் படுக்கச் சொல்கிறவர் அந்த வேலையைச் செய்யவில்லை.

ஒரு தாளில் வலியைப் பற்றி எழுதிக்கொண்டு போங்கள். முன்பக்கம், பின்பக்கம் என்று ஒரு மனித உருவம் வரைந்து, வலிக்கும் இடத்தில் கோடு, மரக்கும் இடத்தில் புள்ளி, எரியும் இடத்தில் பெருக்கல் குறி போட்டால் போதும். என்றைக்கு ஆரம்பித்தது, குனிந்தால் கூடுகிறதா நிமிர்ந்தால் கூடுகிறதா, இருமினால் காலுக்கு இழுக்கிறதா, எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வருகிறது என்பதையும் எழுதுங்கள். "நரம்பு புடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னால் அதிலிருந்து எதையும் பிரித்தெடுக்க முடியாது. முழங்காலுக்குக் கீழே, எந்த விரல் வரை இழுக்கிறது என்று சொன்னால் எந்த நரம்பு என்பதைக் கிட்டத்தட்டக் குறிப்பிட்டுவிடலாம். பெருவிரல் பக்கம் போனால் எல்5 என்ற இடுப்பு நரம்பு, சுண்டுவிரல் பக்கம் போனால் அதற்கு அடுத்து கீழே உள்ள எஸ்1 நரம்பு என்பது பொதுவான கணக்கு.

இதே தாளில் உங்கள் வேலையை விவரமாக எழுதுங்கள். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் சம்மணம் போட்டுக் குனிந்து பற்றவைக்கிறவருக்கு இடுப்பு வளைந்தே இருக்கிறது, கழுத்தும் முன்னால் தொங்குகிறது. அம்மாப்பேட்டையில் தறிக்குழியில் காலை விட்டு மிதிக்கிறவருக்கு இடுப்பு ஒரே தாளத்தில் அசைகிறது. விசைத்தறியில் நின்றபடி, அறுந்த இழையைக் கோர்க்கக் குனிகிறவரின் கணக்கு வேறு. ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கிற பெண்கள் சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே ஊன்றி நின்றே நாளைக் கழிக்கிறார்கள், சாயங்காலம் மூட்டை சுமக்கிறார்கள். மிளகு பறிக்கிறவர் ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று ஒரு பக்கமாகவே எட்டுகிறார். இதையெல்லாம் சொல்லாவிட்டால், ஆபீஸ் நாற்காலிக்காரருக்குத் தருகிற அதே பயிற்சித் தாளைத்தான் உங்களுக்கும் தருவார்கள். அதனால் பயன் வராது. ஏற்கெனவே யாரிடமாவது எண்ணெய் போட்டு நீவி, சுளுக்கு எடுத்திருந்தால், கட்டுப் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். சலூனில் தலை மசாஜ் முடிந்ததும் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுத்துக்கொள்கிற பழக்கம் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். அந்தப் பழக்கத்தை அன்றோடு விட்டுவிடுங்கள்.

உடை எளிய விஷயம்தான், ஆனால் அதில்தான் அதிகம் பேர் சிரமப்படுகிறார்கள். தளர்வான காட்டன் டி-ஷர்ட், டிராக் பேன்ட் போதும். ஜீன்ஸில் இடுப்பும் முட்டியும் மடங்காது. சேலையில் போனால் பக்கவாட்டில் படுத்துக் காலை மடக்கும்போது சங்கடம். மாற்றிக்கொள்ள ஒரு சுடிதார் பேன்ட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சேஃப்டி பின் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், குப்புறப் படுத்ததும் அது நெஞ்சில் குத்தும். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை, ஒரு பக்கமாக ஒதுக்கினால் போதும். கொண்டை, பெரிய கிளிப், தலைநிறையப் பூ இருந்தால் மல்லாந்து படுக்கும்போது கழுத்து நேராக நிற்காது. பின் பாக்கெட் பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்தை எடுத்து வையுங்கள். சாப்பாடு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால், நாலு இட்லி மாதிரி லேசாக. வெறும் வயிற்றிலும் போகாதீர்கள், சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்குப் பாதியில் தலைசுற்றும். வலி மாத்திரையோ ஊசியோ போட்டிருந்தால் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், அது வலியை மறைத்துப் பரிசோதனையைக் குழப்பும்.

உள்ளே போனதும் பேச்சும் பரிசோதனையும் முடிய அரை மணி நேரமாவது ஆக வேண்டும். பி.பி. பார்க்க வேண்டும். குதிகாலில் நடக்கச் சொல்ல வேண்டும், நுனிக்காலில் நடக்கச் சொல்ல வேண்டும். முழங்காலிலும் குதிகால் மேலேயும் ரப்பர் சுத்தியால் தட்ட வேண்டும். பெருவிரலைத் தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்த வேண்டும். பஞ்சால் தொட்டு இரண்டு காலையும் ஒப்பிட வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்து முட்டி மடங்காமல் காலைத் தூக்குவார்கள். 30 டிகிரிக்கும் 70 டிகிரிக்கும் நடுவில் காலோடு மின்னல் மாதிரி இழுத்தால் நரம்பு வேர் தொந்தரவில் இருக்கிறது என்று பொருள். தொடைக்குப் பின்னால் மட்டும் இறுகினால் அது தசை. இந்த வித்தியாசத்தை நீங்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும், வெறுமனே "வலிக்குது" என்று சொல்லக் கூடாது. இந்தப் பரிசோதனை எதுவும் இல்லாமல் நேராக மேஜையைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிகிச்சை என்பது பெரும்பாலும் பக்கவாட்டில் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி, இடுப்பில் குறுகிய வேகமான ஒரு தள்ளு. 'டக்' என்று கேட்கும் சத்தம் எலும்பு இடத்துக்குத் திரும்பும் சத்தமல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக்குழி உண்டாவதால் வருவது, 2015இல் எம்.ஆர்.ஐ. படத்திலேயே அதைப் பிடித்திருக்கிறார்கள். சத்தம் வராததால் பலன் இல்லை என்றும் கிடையாது. சத்தத்துக்காக இரண்டாவது, மூன்றாவது முறை பலமாகத் தள்ளச் சம்மதிக்காதீர்கள். அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்து உடம்பை இறுக்கினால்தான் மறுநாள் வலி அதிகமாகும். மூச்சை வெளியே விடும்போது உடம்பைத் தளரவிடுங்கள்.

கழுத்து தனி விஷயம். முதல் நாளில் கழுத்தைச் சுழற்றிச் சொடக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்வதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. சொல்லுங்கள் என்றே நான் சொல்வேன். கழுத்தெலும்பின் ஓரமாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. ஒரு பக்கக் கழுத்திலோ பின்மண்டையிலோ இதுவரை இல்லாத மாதிரி திடீர் வலி வந்திருந்தால் அந்தக் கிழிசல் ஏற்கெனவே ஆரம்பித்திருக்கலாம். அப்படிப்பட்டவர் போக வேண்டியது மருத்துவமனைக்கு. வீடியோக்களில் வருகிறதே, தாடையில் பட்டை மாட்டித் தலையை வெடுக்கென்று இழுப்பது, அதை எந்த நாளிலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முடிந்த பிறகு எழுந்ததும் ஓடாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து, மெதுவாக நடந்து பாருங்கள். மறுநாள் உடம்பு அடித்துப் போட்டது மாதிரி இருக்கலாம், 24 முதல் 48 மணி நேரத்தில் அது தணியும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம், சமதளத்தில் நடக்கலாம். குடம் தூக்குவது, மூட்டை சுமப்பது அன்றும் மறுநாளும் வேண்டாம். ஏற்காட்டுக்காரர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்: சேலத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். சிகிச்சை முடிந்த கையோடு பைக்கில் ஏறினால் ஒவ்வொரு வளைவிலும் இடுப்பு சாய்ந்து முறுக்கும், பிரேக்குக்குப் பிரேக் அதிரும். பஸ்ஸில் பின்சக்கரத்துக்கு மேல் உள்ள சீட்டைத் தவிர்த்து நடுவில் உட்காருங்கள், இடுப்புக்குப் பின்னால் துண்டை உருட்டி வைத்துக்கொள்ளுங்கள். காலை நேர அப்பாயின்ட்மென்ட்டாக வாங்கினால் சாயங்கால நெரிசலுக்கு முன் நிதானமாகத் திரும்பலாம். சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழா நாட்களும் மலைப்பாதையில் வண்டி நகராது, அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். மலையில் குமட்டல் வருகிறவர்கள் இறங்கியதும் அரை மணி நேரமாவது ஆறிவிட்டு உள்ளே போங்கள்.

அன்றோ, அடுத்த சில நாட்களிலோ கடுமையான தலைவலி, தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், காலில் புதிதாக மரப்பு அல்லது பலம் குறைவது என்று எது வந்தாலும் கிளினிக்குக்குப் போன் செய்துகொண்டிருக்காமல் 108க்குக் கூப்பிட வேண்டும். கழுத்தில் சிகிச்சை நடந்திருந்தால் அதை மருத்துவமனையில் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்.

கிளம்பும்போது, "பத்து சிட்டிங் பேக்கேஜ், இன்னிக்கே கட்டினா குறைச்சுக்கலாம்" என்ற பேச்சு வரலாம். கட்டாதீர்கள். சாதாரண இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கக்கூடியது. நாலு முதல் ஆறு சிட்டிங்குக்குள், எதைச் செய்ய முடியாமல் வந்தீர்களோ அதைச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள்: தறியில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, கீழே கிடக்கும் பொருளைக் குனிந்து எடுக்க முடிகிறதா, ராத்திரி எத்தனை முறை முழிப்பு வருகிறது. இதில் எதுவும் மாறவில்லையென்றால் மேலும் சொடக்கு எடுப்பதில் பலன் இல்லை. பணத்தை ஒவ்வொரு சிட்டிங்குக்கும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வரும்போது வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை எழுதி வாங்குங்கள், அதைச் செய்துகாட்டச் சொல்லிப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியே சொல்லித் தராதவரிடம் மூன்றாவது சிட்டிங்குக்குப் போக வேண்டியதில்லை.